பழைய டிஜிட்டல் டிரம் மெஷின்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

1980களின் தொடக்கத்தில் வந்த டிரம் மெஷின் (தாளத்தைத் தானே வாசிக்கும் பெட்டி) ஒன்றில் இருக்கும் ஸ்னேர் டிரம் ஒலி என்பது சில ஆயிரம் எண்கள்தான். அன்றைய 2732 வகை நினைவகச் சிப் ஒன்றில் 4,096 பைட் கொள்ளும். விநாடிக்கு 28,000 என்ற வேகத்தில் வாசித்தால் ஏறத்தாழ 0.15 விநாடியில் அது தீர்ந்துவிடும். அந்த எண்களை யாரோ என்றோ நகலெடுத்து வைத்துவிட்டார்கள். கணினியில் இறக்கிக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது. அப்படியிருக்க, மேசையின் பாதியை அடைக்கும் நாற்பது வயதுப் பெட்டியை எதற்காக வாங்க வேண்டும்? இதற்கு உங்களிடம் என்ன பதில் இருக்கிறதோ, அதை வைத்துத்தான் எந்த மெஷின் உங்களுக்கானது என்பதைச் சொல்ல முடியும்.

என் பதில் இது. அந்த எண்கள் மெஷினின் மிகச் சிறிய பகுதி. எண்களுக்குப் பின்னால் அவற்றை மின்னழுத்தமாக மாற்றும் சர்க்யூட் இருக்கிறது. எண்களுக்கு முன்னால் பட்டன்களும், பேட்டர்ன் (திரும்பத் திரும்ப ஓடும் தாளம்) எழுதும் முறையும், "இதற்கு மேல் முடியாது" என்று மெஷின் வைக்கும் எல்லைகளும் இருக்கின்றன. சாம்பிள் (பதிந்த ஒலித்துண்டு) கோப்பு ஒன்று நகல் எடுப்பது முதலாவதையும், இரண்டாவதில் ஒரே ஒரு கணத்தையும் மட்டும்தான். மூன்றாவதை எந்தக் கோப்பும் தராது. ஆகவே ஒலி மட்டும் போதும் என்பவர் பெட்டி வாங்க வேண்டியதில்லை. தாளம் உருவாகும் விதமே மாற வேண்டும் என்பவருக்குத்தான் பெட்டி தேவை. அவருக்குக்கூடப் புகழ்பெற்ற பெட்டியைவிடப் பழுதுபார்க்கக்கூடிய பெட்டிதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த இரண்டு அளவுகோல்களை வைத்துத்தான்.

எண்களுக்குப் பின்னால்

ரோஜர் லின் வடிவமைத்த எல்எம்-1 டிரம் கம்ப்யூட்டர் 1980இல் வந்தது. நிஜ டிரம்ஸ் ஒலிகளைப் பதிவு செய்து சிப்பில் வைத்து, பயனர் தானே நிரல் எழுதி வாசிக்கக்கூடியதாக வந்த முதல் டிரம் மெஷின் அதுதான். விலை 4,995 டாலர். சுமார் ஐந்நூறு மட்டுமே செய்யப்பட்டன. அதில் சிம்பல் கிடையாது. சிம்பல் ஒலி நீண்ட நேரம் ஒலித்து அடங்குவது. அவ்வளவு நேரத்தைச் சேமிக்கும் நினைவகத்தின் விலை அன்று கட்டுப்படியாகவில்லை. அந்தக் காலத்து மெஷின்களின் குணம் முழுவதும் இப்படிப் பற்றாக்குறையிலிருந்து பிறந்தது என்பதை மறக்கக் கூடாது. கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) குட்டையாக இருப்பதும், ஸ்னேரின் வால் திடீரென அறுபடுவதும் நினைவகத்தின் விலையால்தான்.

"8 பிட்" (ஓர் எண்ணுக்கு எட்டு இரும இலக்கம்) என்று கேட்டதும் கரடுமுரடான ஒலி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். விஷயம் அவ்வளவு எளிதில்லை. லின்னின் அடுத்த மெஷினான லின்ட்ரம், ஓபர்ஹைம் நிறுவனத்தின் டிஎம்எக்ஸ் இரண்டும் பயன்படுத்திய ஏஎம்6070 என்ற மாற்றி, தொலைபேசித் துறைக்காகப் பிறந்த நுட்பத்தில் இயங்குவது. அதன் படிகள் சம அளவில் இருக்காது. ஒலி மெல்லியதாக இருக்கும்போது படிகள் நுண்ணியவை. உரத்து எழும்போது படிகள் பெரியவை. எட்டே பிட்டில் ஏறக்குறைய 12 பிட் அளவுக்கான ஏற்ற இறக்கம் கிடைத்துவிடும். இதன் விளைவு காதில் எப்படி விழுகிறது? அடி விழும் கணத்தில் கொஞ்சம் கரகரப்பு, அடங்கும்போது சுத்தம். சாதாரண 8 பிட் ஒலியில் இது தலைகீழ். அடி சுத்தமாக இருக்கும், வால் பகுதியில் இரைச்சல் தெரியும். கணினியில் ஏதோ ஒரு பிட்-குறைப்பு எஃபெக்ட்டைப் போட்டுவிட்டு "பழைய ஒலி வந்துவிட்டது" என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறவிடுகிறார்கள்.

அடுத்தது சுருதி. இந்த மெஷின்களில் டாம் என்ற டிரம்மின் சுருதியைக் குறைத்தால், அந்த ஒலிக்கான எண்களை வாசிக்கும் வேகமே குறைகிறது. வேகம் குறையும்போது, சாதாரணமாகக் காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும் டிஜிட்டல் பிசிறுகளும் கூடவே கீழே இறங்கி வந்து ஒலியோடு கலக்கின்றன. அதனால்தான் ஆழமாக இறக்கிய டாமிலும் ஒரு கூர்மை மிஞ்சியிருக்கிறது. கணினி அதே சாம்பிளைச் சுருதி இறக்கும்போது, இடையில் விடுபட்ட எண்களைக் கணக்கிட்டு நிரப்பி வழவழப்பாக்கிவிடும், கூர்மை போய்விடும். எல்எம்-1இன் ஒவ்வொரு ஒலிக்கும் தனிச் சுருதிக் குமிழ் இருந்தது. பிரின்ஸ் அந்த மெஷினைத் தன் இசையின் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டதில் இந்தக் குமிழ்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

சாம்பிள் தொகுப்பு வாங்கப்போகிறவர்களுக்கும் இதிலிருந்து ஒரு பயன் இருக்கிறது. ஒவ்வொரு ஒலியையும் ஒரே சுருதியில் மட்டும் பதிந்த தொகுப்பை விடுங்கள். மெஷினிலேயே சுருதியை மாற்றி மாற்றிப் பல படிகளில் பதிந்த தொகுப்பைத் தேடுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

லின்ட்ரமா, டிஎம்எக்ஸா?

பணம் தடையில்லை என்பவர்கள் இந்த இரண்டுக்கும் இடையில்தான் வந்து நிற்பார்கள். எல்எம்-1 மிக அரிது. அதை ஒரு தேர்வாகவே நான் கணக்கில் எடுக்கவில்லை.

லின்ட்ரம் 1982இல் 2,995 டாலருக்கு வந்தது. எல்எம்-1இல் இல்லாத கிராஷ், ரைடு சிம்பல்கள் இதில் சேர்ந்தன; சாம்பிள் வேகமும் கூடியது. ஆனால் சுருதி மாற்றும் வசதி ஸ்னேர், டாம், காங்கா போன்ற சிலவற்றோடு சுருங்கிவிட்டது. முன்பக்கத்தில் ஒவ்வொரு ஒலிக்கும் ஃபேடர் (ஒலி அளவை ஏற்றி இறக்கும் தள்ளு குமிழ்) இருப்பதால் மிக்ஸர் இல்லாமலே சமநிலையை அமைக்கலாம். சில ஒலிகள் கர்ட்டிஸ் நிறுவனத்தின் சிஇஎம்3320 ஃபில்டர் (ஒலியின் கூர்மையைக் குறைக்கும் சர்க்யூட்) வழியாகப் போகின்றன. அந்தக் கிக்கில் இருக்கும் மென்மையும் அடர்த்தியும் அதனால் வருபவை. ஸ்விங், டைமிங் கரெக்ட் (தவறி விழுந்த அடியைச் சரியான இடத்துக்கு நகர்த்துவது) என்ற இரண்டையும் லின் எல்எம்-1இல் கொண்டுவந்தார். ஒவ்வொரு இரண்டாவது பதினாறாம் பங்கு அடியையும் குறிப்பிட்ட அளவு தள்ளிவைப்பதுதான் ஸ்விங். இன்று எல்லா மென்பொருளிலும் இருக்கும் அந்த வசதியை, அது முதலில் குடியிருந்த குடும்பத்து மெஷினில் வாசிப்பதில் ஒரு தனி நிறைவு இருக்கிறது. அதை நான் மறைக்கப்போவதில்லை.

அப்படியிருந்தும், இரண்டில் ஒன்று என்றால் நான் டிஎம்எக்ஸ் பக்கம்தான். காரணம் உள்ளே இருக்கிறது. டிஎம்எக்ஸைத் திறந்தால் எட்டு ஒலி அட்டைகள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். ஒவ்வொரு அட்டையும் தன்னளவில் முழுமையானது: அதற்கென்று சிப், அதற்கென்று மாற்றி, அதற்கென்று சுருதித் திருகு. ஸ்னேர் வேலை செய்யவில்லை என்றால் பழுது ஸ்னேர் அட்டையில்தான் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். பக்கத்து அட்டையில் சிப்பை மாற்றிப் போட்டு, பழுது சிப்பிலா அட்டையிலா என்பதையும் சில நிமிடங்களில் கண்டுபிடிக்கலாம். வேறு ஒலி எரித்த, அதாவது எழுதிய, சிப்பைச் செருகினால் மெஷினின் குணமே மாறிவிடும். லின்ட்ரமிலும் சிப் மாற்றலாம். ஆனால் இவ்வளவு தெளிவாகப் பிரித்துவைத்த அமைப்பு அதில் இல்லை. ஒலியிலும் டிஎம்எக்ஸ் கனமானது, முரடானது. 24 ஒலிகள் என்று சொல்லிக்கொண்டாலும் அடிப்படையில் இருப்பவை 11 பதிவுகள்தான். மற்றவை அளவும் சுருதியும் மாறிய வடிவங்கள். ரன்-டிஎம்சி குழுவின் ஆரம்பகால ஹிப்-ஹாப் இதன் முதுகில்தான் நின்றது. நிறைய ஒலிகள் வேண்டும் என்று தேடுபவருக்கு இது சரிவராது. ஒரு கிக்கும் ஒரு ஸ்னேரும் மட்டுமே பாட்டைத் தாங்க வேண்டும் என்று நினைப்பவருக்கு இதைவிட நல்ல பெட்டியை நான் காட்ட மாட்டேன்.

இரண்டுக்கும் பொதுவான இடைஞ்சல் ஒன்று உண்டு. மின்னிசைக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் மிடி வந்தது 1983இல்; இவை அதற்கு முன்பே பிறந்தவை. பிந்தைய டிஎம்எக்ஸ்கள் சிலவற்றில் மிடி இருக்கும். மற்றவற்றில் பிறர் செய்த பலகையைப் பொருத்த வேண்டும். அது இல்லாமல் இணைக்க வேண்டுமென்றால் மெஷின்கள் ஒரே வேகத்தில் ஓட அனுப்பப்படும் துடிப்புகளின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். மிடி கிளாக் ஒரு கால் பங்கு அடிக்கு 24 துடிப்பு அனுப்பும். லின் மெஷின்கள் எதிர்பார்ப்பது 48, ஓபர்ஹைம் 96. நடுவில் மாற்றிப் பெட்டி இல்லையென்றால் மெஷின் பாதி வேகத்திலோ கால் வேகத்திலோ ஓடும். வாங்குவதற்கு முன்பே இந்தச் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு: ரோலண்ட் டிஆர்-707

ரோலண்டின் புகழ்பெற்ற டிரம் மெஷின்களான 808, 909 என்ற இரண்டு பெயர்களின் நிழலில் 707 நீண்ட காலம் மறைந்து கிடந்தது. 808 முழுக்க அனலாக். 1983இல் வந்த 909இல் கிக்கும் ஸ்னேரும் அனலாக். ஹை-ஹாட்டும் சிம்பல்களும் மட்டும் 6 பிட் சாம்பிள்கள். 1985இல் பரவலாக வந்த 707தான் எல்லா ஒலிகளும் டிஜிட்டலாக ஆன மெஷின். அதன் உடன்பிறப்பு 727; அதே பெட்டி, உள்ளே லத்தீன் தாள வாத்தியங்கள்.

இதன் ஒலியைப் பற்றி மிகைப்படுத்த ஒன்றுமில்லை. வறண்ட, குட்டையான கிக். கறாரான ஸ்னேர். சுருதியை மாற்றவே முடியாது. தனியே கேட்டால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். பாஸ் வரியோடும் சிந்தசைசரோடும் சேர்த்துக் கேளுங்கள். எந்த இடத்தையும் அடைத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு அடியும் தெளிவாக விழும். சிகாகோ ஹவுஸ் இசைக்காரர்கள் இதைக் கொண்டாடியதற்கு விலை மட்டும் காரணமில்லை.

ஆனால் 707ஐ நான் முன்னிறுத்துவது அதன் முகப்புக்காக. திரையில் வாத்தியங்கள் வரிசைகளாகவும் பதினாறு படிகள் பத்திகளாகவும் ஒரே பார்வையில் தெரியும். கிக் எங்கே விழுகிறது, அதற்கும் கைத்தட்டலுக்கும் என்ன உறவு என்பதைக் கண்ணாலேயே படிக்கலாம். அந்தக் காலத்து மெஷின்களில் பெரும்பாலானவை ஒரு நேரத்தில் ஒரு வாத்தியத்தின் அடிகளை மட்டுமே காட்டும், அல்லது வெறும் எண்ணைக் காட்டிவிட்டு மிச்சத்தை உங்கள் நினைவுக்கு விட்டுவிடும். 707இல் ஃபேடர்கள் இருக்கின்றன. தனித்தனி வெளியீடுகள் இருக்கின்றன. ஷஃபிள் (ஸ்விங் போன்றது), ஃபிளாம் (ஒரே அடியை நெருக்கமாக இருமுறை அடிப்பது) இரண்டும் இருக்கின்றன. மிடியும் இருக்கிறது, பழைய ரோலண்ட் பெட்டிகளை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் டின் சிங்க் இணைப்பும் இருக்கிறது. கணினியிலிருந்து மிடி வாங்கி, மிடி இல்லாத ஒரு 808ஐயோ 606ஐயோ பின்னால் இழுத்துக்கொண்டு ஓடும். பல ஸ்டுடியோக்களில் இந்த ஒரு வேலைக்காகவே 707 வைத்திருக்கிறார்கள்.

எல்லைகளும் உண்டு, அவை எனக்குப் பிடித்தவை. பதினைந்து ஒலிகளில் சில இரட்டையர்கள். கிக் 1, கிக் 2 இரண்டையும் சேர்த்து ஒலிக்க முடியாது. ஒன்று வந்தால் மற்றது வெட்டுப்படும். ஸ்னேர்களும் அப்படித்தான். ரிம்ஷாட்டும் கவ்பெல்லும் ஒரு ஜோடி, கைத்தட்டலும் டாம்பரினும் இன்னொரு ஜோடி. முதலில் இது குறையாகத் தெரியும். சில நாள் வாசித்தபின், ஒன்றை ஒன்று வெட்டும் இந்த ஜோடிகளை வைத்தே தாளத்தில் இடைவெளி உண்டாக்கக் கை பழகிவிடும். கணினியில் நூறு ஒலிகளும் ஒரே நேரத்தில் ஒலிக்கலாம் என்பதால் இந்தப் பழக்கம் அங்கே உருவாவதில்லை.

மற்றவை, சுருக்கமாக

ஈ-மு டிரம்யுலேட்டர் 1983இல் 995 டாலருக்கு வந்து, சாம்பிள் டிரம் மெஷினை ஆயிரம் டாலருக்குக் கீழே இறக்கியது. ஒலி நன்றாக இருக்கும். ஆனால் நான்கே பட்டன்களில் எல்லா ஒலிகளையும் வாசிக்க வேண்டியதால் பொறுமை வேண்டும். இதற்கு மாற்றுச் சிப்கள் செய்து விற்ற டிஜிடிரம்ஸ் என்ற சிறு முயற்சிதான் பிறகு டிஜிடிசைன் ஆகி, புரோ டூல்ஸ் என்ற இசைப்பதிவு மென்பொருளைக் கொண்டுவந்தது. இன்று கணினியில் இசை பதிவு செய்யும் முறையின் ஒரு வேர் இந்தச் சாதாரணப் பெட்டிக்குள் இருக்கிறது என்பதை நினைக்க எனக்கு மகிழ்ச்சிதான்.

சீக்வென்ஷியல் நிறுவனத்தின் டிரம்டிராக்ஸ் 1984ஐச் சேர்ந்தது. மிடி இருக்கிறது, ஒவ்வொரு ஒலியின் சுருதியையும் பேட்டர்னுக்குள்ளேயே அடிக்கு அடி மாற்றலாம். அந்த ஒரு வசதிக்காகவே 707க்கு அடுத்த இடத்தை இதற்குத் தருவேன். கேசியோ ஆர்இசட்-1, 1986: நீங்களே சாம்பிள் எடுக்கலாம், ஆனால் ஒவ்வொன்றும் 0.2 விநாடி வீதம் நான்கு மட்டும். ஒரு பாத்திரத்தைத் தட்டினால் அதுவே தாள வாத்தியமாகிவிடும். சாம்பிள் எடுத்துப் பழக இதைவிட எளிய பெட்டி கிடையாது.

அலெசிஸ் எச்ஆர்-16 1987ஐச் சேர்ந்தது, 16 பிட். பழைய கரகரப்பைத் தேடிப் போகிறவர் இதை வாங்கினால் ஏமாறுவார். சுத்தமான, பளபளப்பான ஒலி. அழுத்தத்திற்கேற்ப ஒலிக்கும் பேட்கள். 1980களின் பிற்பகுதி ஒலி வேண்டும் என்பவர்களுக்கு மட்டும்.

எஸ்பி-1200 வேறு வகை

1987இல் வந்த ஈ-மு எஸ்பி-1200ஐ மேற்சொன்னவற்றோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. இது ஒலிகளோடு பிறந்த மெஷின் இல்லை. நீங்கள் எடுத்துத் தரும் ஒலியை வாசிப்பது. 12 பிட், விநாடிக்கு 26.04 ஆயிரம் எண்கள். மொத்த நேரம் 10 விநாடி, ஓர் ஒலிக்கு அதிகபட்சம் 2.5 விநாடி. அந்த நேரம் போதாததால் 33 சுற்று இசைத்தட்டை 45இல் ஓடவிட்டுச் சாம்பிள் எடுத்து, உள்ளே சுருதியை இறக்கினார்கள் ஹிப்-ஹாப் இசைக்காரர்கள். சுருதி இறக்கும்போது மெஷின் இடைப்பட்ட எண்களைக் கணக்கிடாமல் இருக்கும் எண்களையே மறுபடி வாசிப்பதால் ஓர் உலோக மினுமினுப்பு சேர்ந்தது. முதல் இரண்டு வெளியீடுகளில் இருக்கும் எஸ்எஸ்எம்2044 ஃபில்டர் அதை மூடி அடர்த்தியாக்கியது. நினைவகம் போதாமல் செய்த ஒரு தந்திரம் ஒரு இசை வகையின் ஒலியாகவே நிலைத்துவிட்டது.

சாம்பிள் எடுத்து வெட்டி ஒட்டுவது உங்கள் வேலை என்றால் இதற்கு மாற்று இல்லை. வெறும் டிரம் பேட்டர்ன் எழுதுவதற்காக என்றால் இது வீண் செலவு. பழையதை வாங்குவதா என்ற கேள்விக்கு இங்கே நல்ல மாற்று ஒன்றும் இருக்கிறது: ஈ-முவை நிறுவியவர்களில் ஒருவரும் இந்த மெஷினை வடிவமைத்தவருமான டேவ் ராஸம், தன் ராஸம் எலக்ட்ரோ-மியூசிக் நிறுவனத்தின் வழியாக 2020களின் தொடக்கத்தில் இதை மறுபடி செய்து தந்தார். வடிவமைத்தவரே திரும்பிச் செய்த பெட்டிக்கும் பழைய பெட்டிக்கும் இடையில் நான் தயங்காமல் புதியதையே எடுப்பேன். பழையதுதான் வேண்டும் என்பவர்கள் ஃபிளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு, நினைவக அட்டையில் எழுதும் மாற்று டிரைவைப் பொருத்திவிடுங்கள். ஃபிளாப்பி வட்டுகளை நம்பி இனி எதையும் சேமிக்க வேண்டாம்.

எது இன்னும் இருபது ஆண்டு ஓடும்?

ஒப்பீடுகளில் பெரும்பாலும் விட்டுப்போகும் பகுதி இது. எனக்கு இதுதான் முக்கியம்.

லின், ஓபர்ஹைம் மெஷின்களின் ஒலிகளும் நிரலும் இருப்பது ஈபிராம் சிப்களில். அவற்றில் தகவல் என்பது உள்ளே சிறைப்பட்ட மின்னேற்றம்தான். பல ஆண்டுகளில் அது மெல்லக் கசியும். சிப்பின் மேல் இருக்கும் சிறு கண்ணாடிச் சன்னல், புற ஊதா ஒளியால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவதற்கானது. அதன் மேல் ஒட்டிய தாளை ஒருபோதும் பிய்த்து எறியாதீர்கள். ஒலிச் சிப்பில் ஒரு பிட் மாறினால் ஸ்னேரில் ஒரு "டிக்" சேரும், அவ்வளவுதான். நிரல் சிப்பில் மாறினால் மெஷின் எழுந்திருக்காது. இதற்கு மருந்து எளிது: மெஷின் நன்றாக இருக்கும்போதே எல்லாச் சிப்களையும் ஈபிராம் ரீடரில் வாசித்துக் கோப்பாக வைத்துக்கொள்வது. கோப்பு இருந்தால் புதுச் சிப் எரிப்பது சிறிய வேலை.

707இல் நிலைமை வேறு. அதன் ஒலிகள் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட மாஸ்க் ரோம் சிப்களில் இருக்கின்றன. மின்னேற்றம் இல்லை, கசிவும் இல்லை. ஆனால் அவை கெட்டுப்போனால் அப்படியே புதிதாக வாங்க முடியாது. இன்னொரு பழைய மெஷினிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

மற்ற சிப்களின் நிலைமை கலவையாக இருக்கிறது. சிஇஎம்3320க்கு இன்று ஏஎஸ்3320 என்ற நகல் தாராளமாகக் கிடைக்கிறது. எஸ்எஸ்எம்2044 வழியில் எஸ்எஸ்ஐ2144 வந்திருக்கிறது. ஏஎம்6070 தயாரிப்பு நின்று நெடுங்காலமாகிவிட்டது. இருப்பில் மிஞ்சியவைதான் மிச்சம். எல்எம்-1, லின்ட்ரம், டிஎம்எக்ஸ், டிரம்யுலேட்டர், டிரம்டிராக்ஸ், எஸ்பி-1200 என எல்லாவற்றிலும் மூளையாக இருப்பது இசட்80 பிராசஸர். ஸைலாக் நிறுவனம் அதன் தயாரிப்பை நிறுத்துவதாக 2024இல் அறிவித்தது. உலகெங்கும் அந்தச் சிப் ஏராளமாகக் கிடப்பதால் இப்போதைக்குக் கவலை இல்லை. ஒன்றிரண்டு வாங்கி வைத்துக்கொள்வதில் தவறும் இல்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி பேட்டரி. பேட்டர்ன்களை நினைவில் வைக்க உள்ளே பலகையிலேயே பற்றவைத்த பேட்டரி வயதாகிக் கசிந்தால், அதன் திரவம் செம்புத் தடங்களைத் தின்றுவிடும். டிஎம்எக்ஸ் வாங்குபவர் மூடியைத் திறந்து முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பிராசஸர் பலகையில் பச்சைப் படிவு தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் யோசிக்க வேண்டும். 707இல் இந்த வேலையைச் சாதாரணப் பென் பேட்டரிகள் செய்கின்றன. பின்மூடியைத் திறந்து நாமே மாற்றலாம். இந்தச் சின்ன வித்தியாசம்தான் எத்தனையோ 707கள் இன்றும் உயிரோடு இருப்பதற்குக் காரணம். அங்கேயும் பேட்டரியைப் போட்டு ஆண்டுக்கணக்கில் மறந்துவிட்டால் கசியத்தான் செய்யும்.

அழுத்தினால் இரண்டு முறை அடிக்கும் பட்டன், அழுத்தியும் அடிக்காத பட்டன் இரண்டும் பயப்படும்படியான பழுதுகள் இல்லை. பட்டனுக்கு அடியில் இருக்கும் சிறிய சுவிட்ச் மலிவானது; சோல்டரிங் தெரிந்தவர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். மின்வழங்கியில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களையும் அதே நாளில் மாற்றிவிடுவது நல்லது.

புதிய பெட்டி, கணினி

ரோலண்டின் டிஆர்-8எஸ் 2018இல் வந்தது. அதில் 808, 909, 707 ஒலிகள் எல்லாம் இருக்கின்றன, சொந்தச் சாம்பிளும் போடலாம். மேடையில் வாசிப்பவர் பழைய மெஷினைத் தூக்கிக்கொண்டு அலையாமல் இதை எடுத்துப் போவதே நியாயம். பெஹ்ரிங்கரின் எல்எம் டிரம், லின் வழியில் செய்யப்பட்டது. லின்ட்ரம் கனவு இருந்தும் பராமரிக்க நேரமில்லை என்பவர் அதைக் கேட்டுப் பார்க்கலாம். இவற்றில் நினைவகம் மறையாது, மிடி மாற்றி தேவையில்லை, பழுதானால் மாற்றிப் பெறவும் வழி உண்டு. ஒரே குறை, இவை எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை. எல்லாம் முடியும் என்ற பெட்டியில், எதைச் செய்யக் கூடாது என்பதை நீங்களேதான் முடிவு செய்ய வேண்டும். சிலருக்கு அது சுதந்திரம். என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு பேட்டர்னைக்கூட முடிக்க விடாத தொந்தரவு.

பாட்டைக் கணினியிலேயே தொடங்கி கணினியிலேயே முடிப்பவருக்கு என் ஆலோசனை நேரடியானது: பெட்டி வேண்டாம். நல்ல சாம்பிள் தொகுப்பை எடுத்து, ஒரு பாட்டுக்கு ஒரு மெஷினின் ஒலிகள் மட்டும் என்று கட்டுப்படுத்தி, ஒரே பேட்டர்னைக் குறைந்தது மூன்று நிமிடம் ஓடவிட்டு எழுதிப் பாருங்கள். அதுவே போதும் என்று தோன்றினால் பணம் மிச்சம். இன்னும் கை எதையோ தேடுகிறது என்றால் 707ஐத் தேடத் தொடங்கலாம். கையில் நிறையப் பணமும், சோல்டரிங் இரும்பைப் பிடிக்கும் துணிவும் சேர்ந்து இருந்தால் டிஎம்எக்ஸ். சேகரிப்பவரின் பெருமைக்காக மட்டும் என்றால் லின்ட்ரம் அழகான பெட்டி; ஆனால் வாசிக்கப்படாமல் அலமாரியில் இருக்கும் மெஷின்தான் சீக்கிரம் கெடுகிறது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

வாங்கும் நாளில்

ஹெட்ஃபோனும் ஒரு நீண்ட கேபிளும் கொண்டுபோங்கள். முதலில் பின்பக்கத்து மின்னழுத்த எண்ணைப் படியுங்கள். ஜப்பானில் விற்றது 100 வோல்ட், அமெரிக்காவில் விற்றது 120. அதை 230 வோல்ட்டில் செருகினால் ஒப்பீட்டுக்கு வேலையே இல்லை. பிறகு ஒவ்வொரு ஒலியையும் பொது வெளியீட்டில் கேட்காமல் தனித்தனி வெளியீட்டில் கேளுங்கள். பொது வெளியீட்டில் மறையும் இரைச்சல் அங்கே தெரியும். ஒவ்வொரு பட்டனையும் பலமுறை தட்டுங்கள். ஃபேடர்களை மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள்.

அடுத்தது கேசட் சேமிப்பு. இந்த மெஷின்கள் பேட்டர்ன்களை ஒலியாக மாற்றி கேசட்டில் எழுதும். இன்று கேசட் தேவையில்லை. அந்த ஒலியைக் கணினியிலோ ரெக்கார்டரிலோ அமுக்கப்படாத வேவ் கோப்பாகப் பதிந்தால் போதும். எம்பி3 ஆக்கினால் தகவல் சிதையலாம். பதிந்ததை அப்போதே மெஷினுக்குத் திரும்பக் கொடுத்து ஏற்றிப் பாருங்கள். சரியாக ஏறினால் அந்தச் சர்க்யூட்டின் பெரும்பகுதி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக ஒரு பேட்டர்ன் எழுதி, மெஷினை அணைத்து, மின்கம்பியையும் உருவிவிடுங்கள். இயன்றால் ஓர் இரவு அப்படியே விட்டு மறுநாள் போடச் சொல்லுங்கள். பேட்டர்ன் அப்படியே இருந்தால் பேட்டரி தாங்குகிறது. போயிருந்தால் அதுவே பெரிய குறை இல்லை. மூடியைத் திறந்து பலகையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். திறந்து காட்டச் சம்மதிக்காதவரிடமிருந்து எந்த மெஷினையும் வாங்க வேண்டாம்.